உறைவிடமும் தொழிலும்: மலையகத் தம்பதியரின் தெரிவு பற்றிய ஒரு நோக்கு

கணவனும் மனைவியும் வெவ்வேறிடங்களில் தொழில் புரியுமிடத்து எங்கே குடியிருப்பது என்ற வினா, நகர்ப்புற மத்தியதர வர்க்கத்துக்கே உரியதொன்றாகப் பெரும்பாலும் கருதப்பட்டு வந்துள்ளது. மலையகப் பெருந்தோட்டங்களிலும் இவ்வினா இன்று கூர்மையடைந்துள்ளது. எனினும் அது அங்கு பெறும் வடிவம் வேறானது. அவ்வேறுபாட்டின் காரணத்தை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தோட்டத் தொழிலாளிக்கு நீண்டகாலமாக இவ்வினாவே எழவில்லை. கோப்பிக் காலத்தில் உருவாகி, 1867 இல் லூல்கந்துரையில் தேயிலைப் பயிர்ச்செய்கை தொடங்கிய பின்னர் மேலும் விரிவடைந்த தோட்ட அமைப்பு, உழைப்பாளரைத் தொழிலிடத்திலேயே குடியமர்த்தியது. விடியற்காலைத் தப்போசை கேட்கும் தூரத்தில் லயங்கள் கட்டப்பட்டன. கணவன், மனைவி, வயதுவந்த பிள்ளைகள் அனைவரும் ஒரே தோட்டத்தில் பெயர் பதிந்தனர். பயணமில்லை, தெரிவும் இல்லை. பிறிதொரு தோட்டத்துக்குச் செல்ல விரும்பியவன் கடன் தீர்ந்தமைக்கான 'துண்டு' பெறவேண்டியிருந்தது. இம்முறை 1921 இல் ஒழிக்கப்பட்டது. ஆயினும் காம்பராவும் வேலையும் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டிருந்த நிலை அத்துடன் ஒழிந்துவிடவில்லை.

இன்று ஒரு குடும்பத்தினர் அனைவரும் ஒரே தோட்டத்தில் உழைப்பது அருகிவருகிறது. கல்வி பெற்றோர் ஆசிரியராகவும் எழுதுவினைஞராகவும் வெளியேறுகின்றனர். ஏனையோர் கொழும்புக் கடைகளையும் கட்டட வேலைகளையும் ஆடைத் தொழிற்சாலைகளையும் மத்திய கிழக்கையும் நாடுகின்றனர். இவ்வாறு ஒரு குடும்பத்துக்கு இரு தொழிலிடங்கள் ஏற்பட்டதும் உறைவிடம் பற்றிய வினா பிறக்கிறது.

இதனை விளக்க இரு மாதிரிக் குடும்பங்களை ஒப்புநோக்குவோம். முதலாவது குடும்பத்தில் கணவர் பொகவந்தலாவைப் பாடசாலையொன்றில் ஆசிரியர்; மனைவி நுவரெலியா அலுவலகமொன்றில் எழுதுவினைஞர். இவர்கள் ஹட்டனிலோ தலவாக்கலையிலோ வாடகைக்கு வீடெடுத்து, இருவரும் எதிரெதிர்த் திசைகளில் பயணம் செய்யலாம். அல்லது ஒருவர் இடமாற்றத்துக்கு விண்ணப்பிக்கலாம். சிரமம் மிகுந்ததெனினும் இது கணக்கிட்டுத் தீர்க்கக்கூடிய பிரச்சினையே. வாடகை, பேருந்துக் கட்டணம், பிள்ளையின் பாடசாலை ஆகியனவே அக்கணக்கின் உறுப்புகள்.

இரண்டாவது குடும்பத்தில் மனைவி மஸ்கெலியாவுக்கு அப்பாலுள்ள தோட்டமொன்றில் கொழுந்து பறிப்பவள். கணவன் நுவரெலியா நகரில் மரக்கறிக் கடையொன்றில் வேலை செய்பவன். அவன் நாள்தோறும் வீடு திரும்புவதாயின் நானுஓயா, தலவாக்கலை, கொட்டகலை, ஹட்டன், நோர்வூட் ஆகிய ஊர்களைக் கடந்து வரவேண்டும். மலைநாட்டில் தூரத்தை மைலால் அளப்பதிற் பயனில்லை. வளைந்து செல்லும் பாதை, மூடுபனி, மழைக்கால மண்சரிவு ஆகியவற்றோடு, பிரதான வீதியிலிருந்து லயம் வரையுள்ள கால்நடைத் தூரத்தையும் சேர்த்து மணித்தியாலத்தாலேயே அளத்தல் வேண்டும். கடைசிப் பேருந்தைத் தவறவிட்டவனுக்குக் கடையின் பின்னறையே படுக்கையிடமாகிறது.

அப்படியாயின் இவர்களும் தலவாக்கலைக்குக் குடிபெயரலாகாதா? இங்குதான் வேறுபாடு புலனாகிறது. மனைவி அதிகாலையிலேயே பிரட்டுக்களத்தில் நிற்கவேண்டியவள். குறித்த நிறைக்குக் கொழுந்து எடுக்காதவளுக்கு அரைப்பெயரே விழும். ஆகவே தொலைவிலிருந்து வந்து அவள் இவ்வேலையைச் செய்வது இயலாது. வேலையை விட்டாலோ காம்பராவின் மீதுள்ள உரிமையும் கேள்விக்குள்ளாகும். முதியோரும் அக்காம்பராவிலேயே தங்கியிருப்பர். ஐந்தாண்டு சேவை நிறைவடையுமுன் விலகினால் 1983 ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டத்தின்படி பணிக்கொடையும் கிடையாது. எனவே அவளது பெயர்ப்பதிவு வெறும் நாட்கூலிக்கான பதிவன்று. குடும்பம் முழுவதின் கூரையையும் தாங்கிநிற்கும் தூணாகும். குடும்பம் பிரிந்து வாழ்கிறது. கணவன் மாதமொருமுறையோ திருவிழாவுக்கோ வருகிறான்.

இப்பிரிவின் சுமை இருவர்மீதும் ஒரே அளவில் விழுவதில்லை என்பதும் கருதத்தக்கது. 1984 இல் தோட்டப் பெண்களுக்கு ஆண்களுக்குச் சமமான கூலி வழங்கப்பட்டது. ஆனால் மலையிலிருந்து திரும்பிய பின் தண்ணீர், விறகு, சமையல், பிள்ளை, முதியோர் என நீளும் வேலைக்கு எப்பெயரும் விழுவதில்லை. கணவன் தொலைவில் இருக்கையில் அவ்வேலை முழுவதும் அவள் தலையிலேயே சேர்கிறது. கணவனுடைய பயணத்தின் விலையை வீட்டிலிருப்பவளே செலுத்துகிறாள் எனலாம்.

தூரத்தை நிர்ணயிப்பதில் அரசியலுக்கும் பங்குண்டு. 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம், தோட்டக் குடியிருப்புகளில் சபைகள் நிதி செலவிடுவதற்குத் தடையாக அமைந்திருந்தது. அது 2018 இலேயே திருத்தப்பட்டது. மூன்று தசாப்தங்களாக லயத்துக்குச் செல்லும் பாதை ஊராட்சியின் பொறுப்புக்குப் புறம்பாய் நின்றமை, அப்பாதையில் நாள்தோறும் நடந்தவர்களின் நேரத்தைப் பறித்தது.

இவ்வகையில் நோக்கும்போது, பிரச்சினையின் வேர் வேலைக்கும் வீட்டுக்குமுள்ள பிணைப்பிலேயே உள்ளது என்பது தெளிவாகும். 1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்கள் தோட்டங்களை அரசுடைமையாக்கின. 1992 இல் முகாமைத்துவம் தனியார் கம்பெனிகளிடம் சென்றது. உடைமையாளர் மாறினர், காம்பராவில் வாழ்பவரோ இரு கட்டங்களிலும் உடைமையாளராகவில்லை. 2015 இன் பின்னர் ஏழு பேர்ச்சஸ் காணியுடன் தனிவீடு என்ற கொள்கை முன்வைக்கப்பட்டமையும், 2017 மே மாதத்தில் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மேலும் பத்தாயிரம் வீடுகளுக்கான உதவியை அறிவித்தமையும் இத்திசையிலான நகர்வுகளே. ஆயினும் வீடு கட்டுவது மட்டும் போதாது. உறுதிப்பத்திரம் உறையுபவரின் பெயரில், மனைவியின் பெயரும் சேர, எழுதப்படவேண்டும். தோட்டவேலை செய்யாதவரும் அங்கு வாழ உரிமை பெறவேண்டும். பிரதான வீதியையும் பேருந்தையும் கருத்திற்கொண்டே இடம் தெரிவுசெய்யப்படவேண்டும்.

உறுதி கையிலிருப்பின் மேற்கூறிய பெண் வேலையை மாற்றலாம், வீட்டை வாடகைக்கு விட்டு நகரில் வாழலாம், அல்லது தன் விருப்பத்தின் பேரிலேயே மலையில் தொடரலாம். எங்கே குடியிருப்பது என்று கணவனும் மனைவியும் அடுப்பங்கரையில் அமர்ந்து கணக்கிட்டு முடிவுசெய்வது சிறியதொரு காரியமாகத் தோன்றலாம். மலையகத்தின் தொழிலாளக் குடும்பத்துக்கு அது இன்னும் வென்றெடுக்கவேண்டிய உரிமையாகவே உள்ளது.