நர்ஸம்மாவின் பதிவு எண் என்ன?

போன ஆடி மாதம் ஒரு காலை. வள்ளியூரில் ரிட்டயர்டு வாத்தியார் ஒருவர் வீட்டிலிருந்து போன். "வைத்தியரய்யா, அப்பாவுக்கு குப்புனு வேர்த்துக் கொட்டுது, பேச்சு குழறுது. கொஞ்சம் சீக்கிரம் வாங்க!"

முழங்கால் வலிக்கு என்னிடம் தைலம் வாங்குகிறவர். ஓடினேன். உடம்பு ஜில்லென்று இருந்தது, கை நடுங்கியது. விழுங்க முடிகிறதா என்று பார்த்துவிட்டு, சர்க்கரைத் தண்ணீரை மெதுவாகக் கொடுக்கச் சொன்னேன். (நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, ஜாக்கிரதை!) கால் மணி நேரத்தில் மனுஷர் எழுந்து உட்கார்ந்து, "காப்பி கிடைக்குமா?" என்றார். சர்க்கரை மறுபடியும் இறங்கலாம் என்பதால் உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைத்தேன்.

நடந்தது என்ன? இன்சுலின் புட்டி புதிது, 100 யூனிட் ரகம். ஊசியோ சிவப்பு மூடி போட்ட 40 யூனிட் ரகம். வீட்டோடு இருந்து கவனித்த நர்ஸம்மா, வழக்கம்போல 10 என்ற கோடு வரை இழுத்துப் போட்டுவிட்டார். உள்ளே போனது 25 யூனிட்! இரண்டரை மடங்கு.

அந்த அம்மா போலி இல்லை. முறையாகப் படித்துப் பதிவு செய்தவர்தான். கல்யாணத்துக்குப் பிறகு இருபது வருஷம் வேலையை விட்டுவிட்டு, குடும்பக் கஷ்டத்தால் திரும்ப வந்தவர். "நாங்க படிக்கயில 40 ரகந்தான்யா பார்த்தோம்" என்று அழுதார். எனக்குத் திட்ட மனசு வரவில்லை.

நர்ஸுகளின் பதிவுக்கு நம் மாகாணத்தில் 1926-லேயே சட்டம் வந்துவிட்டது. இன்று தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் பெயர் இருந்தால்தான் நர்ஸ். துணைச் செவிலியர் படிப்பு பிளஸ் டூவுக்குப் பின் 2 வருஷம். டிப்ளமோ நர்ஸ் 3 வருஷம். ஒருமுறை பதிந்தால் ஆயுசுக்கும் போதும் என்பதல்ல. 5 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அதற்குள் 150 மணி நேரம் தொடர்பயிற்சி என்பது இந்திய நர்ஸிங் கவுன்சில் வைத்திருக்கும் கணக்கு. வருஷத்துக்கு 30 மணி நேரம். "வெறும் கையெழுத்துச் சடங்கு" என்று சலித்துக்கொள்ளும் நர்ஸுகளையும் பார்த்திருக்கிறேன். அந்த வாத்தியாரின் வேர்வையைப் பார்த்திருந்தால் அப்படிப் பேசமாட்டார்கள்.

இன்னொரு சங்கதி. மகளோடு வந்த ஒரு தாயார், "ஒரு வருஷ நர்ஸிங் முடிச்சிட்டா, ஆஸ்பத்திரியில பதிவு நம்பர் கேக்காங்க, அப்படின்னா என்னய்யா?" என்றார். மாடியில் இரண்டு அறையை வாடகைக்குப் பிடித்து நடத்திய பயிற்சி நிலையம் அது. செயினை அடகு வைத்துப் பணம் கட்டியிருக்கிறார். அந்தச் சான்றிதழை வைத்துக் குழுமத்தில் பதிய முடியாது என்று அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்து நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. வெள்ளைக் கோட்டும் தொப்பியும் போட்டு எடுத்த போட்டோ மட்டும் மிச்சம். பணம் கட்டுவதற்கு முன்பே, இந்தப் பள்ளிக்குக் குழுமத்தின் அங்கீகாரம் உண்டா என்று குழுமத்திடமே கேட்டுவிடுங்கள். பள்ளிக்காரர் காட்டும் கண்ணாடிச் சட்டம் போட்ட காகிதத்தை நம்ப வேண்டாம்.

வீட்டுக்கு நர்ஸ் வைக்கிறீர்களா? குளிப்பாட்ட, சோறு ஊட்ட, புரட்டிப் படுக்க வைக்க, பொறுமையுள்ள உதவியாளர் போதும். பதிவு எண் தேவையில்லை. ஊசி, டியூப், ட்ரிப் என்றால் பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள்; எந்தத் தேதி வரை செல்லும் என்றும் பாருங்கள். கேட்டால் கோபப்படுவார்களோ என்று தயங்காதீர்கள். பாளையங்கோட்டையில் சித்தா படித்த நானும் என் பதிவு எண்ணைச் சுவரில் மாட்டித்தான் உட்கார்ந்திருக்கிறேன். இன்சுலின் வாங்கும்போது புட்டியில் உள்ள எண்ணும் ஊசியில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று கடையிலேயே ஒத்துப் பாருங்கள். 100 ரகத்து ஊசிக்கு மூடி ஆரஞ்சு நிறம்.

வாத்தியார் நலம். நர்ஸம்மாவை அவர் அனுப்பவில்லை. ஊசி போடுவதை மட்டும் இப்போதைக்கு மகன் பார்த்துக்கொள்கிறார். அந்த அம்மா பதிவைப் புதுப்பிப்பதற்காகப் பழைய சான்றிதழைத் தேடிக்கொண்டிருக்கிறார். கல்யாணத்தப்போ தாய் வீட்டு டிரங்குப் பெட்டியில் வைத்ததாம்!