உள்ளங்கை ஏன் இப்படி வியர்க்கிறது?

வெயிலில் வேலை செய்தால் வியர்க்கும். அடுப்பு முன்னால் நின்றால் வியர்க்கும். மூட்டை தூக்கினால் வியர்க்கும். இதில் அதிசயம் ஒன்றும் இல்லை.

ஆனால் சிலருக்கு நிழலில் சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் வியர்க்கிறது. மார்கழிக் குளிரிலும் உள்ளங்கை நனைகிறது. பென்சில் வழுக்குகிறது. தாள் ஈரமாகி எழுத்து கலைகிறது. செருப்பில் கால் நிற்பதில்லை. ரேஷன் கடையில் கைரேகை இயந்திரம் ரேகையை ஏற்பதில்லை.

இது நோயா? பயமா? இதற்கு மருந்து உண்டா?

வியர்வை எதற்கு?

நம் உடலின் சூடு சுமார் 37 டிகிரி செல்சியஸ். அதாவது 98.6 டிகிரி ஃபாரன்ஹீட். கோடையிலும் குளிரிலும் இது ஏறத்தாழ ஒரே அளவில் இருக்க வேண்டும். வேலை செய்தால் தசைகள் சூட்டை உண்டாக்கும். வெயிலும் சூட்டை ஏற்றும். உடனே மூளை நரம்புகள் வழியாகத் தோலுக்குச் செய்தி அனுப்புகிறது. தோலில் உள்ள சுரப்பிகள் நீரை வெளியே விடுகின்றன. அந்த நீர் காயும்போது உடலின் சூட்டையும் கொண்டு போகிறது.

மண்பானையில் தண்ணீர் குளிர்வதும் இப்படித்தான். பானையின் மேல் கசியும் நீர் காய்கிறது. அதனால் உள்ளே இருக்கும் தண்ணீர் குளிர்கிறது.

நம் உடலில் 20 லட்சம் முதல் 40 லட்சம் வியர்வைச் சுரப்பிகள் இருக்கின்றன. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் அவை மிக நெருக்கமாக இருக்கின்றன.

ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். வியர்வை காய்ந்தால்தான் உடல் குளிரும். கொல்கத்தா, மும்பை, சென்னை போன்ற ஊர்களில் காற்றிலேயே ஈரம் அதிகம். அதனால் வியர்வை காயாமல் வழிந்து ஓடும். உடல் கசகசக்கும். ராஜஸ்தானின் ஜெய்சல்மர் பக்கம் காற்று வறண்டது. அங்கே வியர்வை உடனே காய்ந்துவிடும். வியர்க்கவே இல்லை என்று தோன்றும். உண்மையில் உடலில் இருந்து நிறைய நீர் போயிருக்கும். தாகம் எடுக்கும்வரை காத்திராமல் அவ்வப்போது தண்ணீர் குடிக்க வேண்டும்.

கடும் வெயிலில் கடுமையாக உழைப்பவருக்கு ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் வியர்வைகூடப் போகலாம். அதோடு உப்பும் போகும். உப்புப் போட்ட மோர், எலுமிச்சைச் சாறு, கஞ்சித் தண்ணீர் இவை நல்லவை. உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலமும் நல்லது. பொட்டலத்தில் எவ்வளவு தண்ணீர் என்று போட்டிருக்கிறதோ, அவ்வளவு தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். ரத்தக் கொதிப்போ சிறுநீரக நோயோ உள்ளவர்கள் உப்பு விஷயத்தில் டாக்டரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

தேவைக்கு மேல் வியர்த்தால்

லக்னோவில் சிக்கன் என்று ஒரு பூவேலை உண்டு. மெல்லிய துணியில் முதலில் நீலச் சாயத்தால் பூவும் கொடியும் அச்சிடுவார்கள். பெண்கள் வீட்டில் உட்கார்ந்து அதன் மேல் நூலால் தைப்பார்கள். தைத்து முடித்த பிறகு துணியைத் துவைப்பார்கள். நீலம் போய்விடும். பூ மட்டும் நிற்கும். இந்த வேலை செய்யும் பெண்ணுக்கு உள்ளங்கை வியர்த்தால் என்ன ஆகும்? தைத்து முடியும் முன்பே நீலம் கலையும். வெள்ளை நூல் அழுக்காகும். ஊசி துருப்பிடிக்கும். கூலி குறையும்.

ரேடியோ பழுது பார்ப்பவர், தையல்காரர், பஸ் ஓட்டுபவர், இரும்புக் கம்பியைப் பிடித்து வேலை செய்பவர் எல்லோருக்கும் இந்தத் தொல்லை உண்டு. பலர் கை கொடுக்கவே கூச்சப்படுகிறார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் கையை மறைத்துக்கொள்ளும் பெண்களும் இருக்கிறார்கள்.

பார்ப்பவர்கள் பயந்த சுபாவம் என்று சொல்லிவிடுகிறார்கள். அது சரியல்ல. பதற்றம் வந்தால் வியர்வை கூடும் என்பது உண்மைதான். ஆனால் பதற்றம் மட்டும் காரணம் அல்ல. சுரப்பியிலும் கோளாறு இல்லை. சுரப்பிக்குச் செய்தி கொண்டுபோகும் நரம்புகள் தேவைக்கு மேல் வேலை செய்கின்றன. இது சின்ன வயதிலோ வாலிபத்திலோ தொடங்கும். இரண்டு கையிலும் ஒரேபோல இருக்கும். கால், அக்குள், முகம் இவற்றிலும் வரலாம். தூங்கும்போது வியர்க்காது. பல குடும்பங்களில் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ இதே தொல்லை இருந்திருக்கும். இது தொற்று நோய் அல்ல. கையைத் தொட்டால் ஒட்டாது.

வியர்வையை நிறுத்தினால் கெட்ட நீர் உள்ளே தங்கிவிடும் என்று சிலர் பயப்படுகிறார்கள். அந்தப் பயம் வேண்டாம். உடலின் கழிவை வெளியேற்றுவது முக்கியமாகச் சிறுநீரகத்தின் வேலை. உள்ளங்கையில் மட்டும் வியர்வையைக் குறைத்தால் கெடுதல் இல்லை.

வீட்டில் செய்யக்கூடியவை

வியர்வைக்கு நாற்றம் கிடையாது. தோலில் வாழும் கிருமிகள் அதைச் சிதைக்கும்போதுதான் நாற்றம் வருகிறது. ஆகவே தினமும் சோப்புப் போட்டுக் குளிக்க வேண்டும். அக்குளையும் கால் விரல் இடுக்கையும் துணியால் நன்றாகத் துடைக்க வேண்டும். பருத்தித் துணி உடுத்துவது நல்லது. காலுறை போடுகிறவர்கள் தினமும் மாற்ற வேண்டும். ஒரே ஷூவைத் தினமும் போடாமல், ஒருநாள் விட்டு ஒருநாள் காய விட்டுப் போடலாம். காரமும் சூடான டீயும் சிலருக்கு வியர்வையைக் கூட்டும்.

முடி திருத்துபவர் வைத்திருக்கும் படிகாரத்தை அக்குளில் தேய்ப்பது பழைய வழக்கம். அது நாற்றத்தை ஓரளவு குறைக்கும். உள்ளங்கை வியர்வைக்கு அது போதாது.

தோல் எப்போதும் ஈரமாக இருந்தால் படர்தாமரை வரும். அரிப்புத் தாங்காமல் கடையில் ஏதாவது களிம்பு வாங்கிப் பூசுவார்கள். அவற்றில் பலவற்றில் ஸ்டீராய்டு என்ற மருந்து கலந்திருக்கும். இரண்டு நாளில் அரிப்பு அடங்கும். பிறகு படர்தாமரை முன்னைவிடப் பெரிதாகப் பரவும். இத்தகைய களிம்புகள் பலவற்றை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு 2018-ல் விதி செய்தது. விதி இருக்கிறது. ஆனாலும் கடையில் கேட்டால் கொடுத்துவிடுகிறார்கள். வாங்குபவர்தான் வேண்டாம் என்று சொல்ல வேண்டும்.

ரேஷன் கடையில் கைரேகை வைக்கும் முன் விரலைத் துணியால் ஒற்றிக் காய விட வேண்டும். இயந்திரத்தின் கண்ணாடியையும் துடைக்கச் சொல்லலாம். கைரேகை பதியவில்லை என்பதற்காக ரேஷன் மறுக்கக் கூடாது என்று மத்திய அரசு 2017-ல் மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது.

மருந்து உண்டு

அலுமினியம் குளோரைடு கலந்த பூச்சு மருந்து முதலில் தரப்படும். இது வியர்வை வரும் துளையை அடைத்துவிடும். இரவில் படுக்கும் முன் பூச வேண்டும். கை நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈரக் கையில் பூசினால் எரியும். காலையில் கழுவிவிட வேண்டும். ஏன் இரவில்? அப்போதுதான் வியர்வை குறைவு. மருந்து துளைக்குள் தங்கும். வியர்வை குறைந்த பிறகு வாரத்தில் ஒரு நாள், இரண்டு நாள் பூசினால் போதும். விட்டுவிட்டால் மறுபடியும் வியர்க்கும். புண் இருக்கும் இடத்திலும் சவரம் செய்த உடனேயும் பூசக் கூடாது.

அதில் குறையவில்லை என்றால் இன்னொரு வழி இருக்கிறது. தட்டில் சாதாரணக் குழாய்த் தண்ணீர் வைப்பார்கள். அதில் கையை வைக்க வேண்டும். ஒரு கருவி மிகக் குறைந்த மின்சாரத்தை அந்தத் தண்ணீரில் செலுத்தும். இருபது, முப்பது நிமிடம் ஆகும். முதலில் வாரத்தில் சில நாள் செய்ய வேண்டும். பிறகு எப்போதாவது செய்தால் போதும். கர்ப்பிணிகளும் இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்களும் இதைச் செய்யக் கூடாது. வீட்டு மின்சாரத்தை வைத்து யாரும் இதைச் செய்து பார்க்கக் கூடாது. உயிர் போய்விடும்.

மாத்திரைகளும் இருக்கின்றன. அவை உடல் முழுவதும் வியர்வையைக் குறைக்கும். வாய் உலரும். மலச்சிக்கல் வரும். கண் மங்கலாம். வயலிலும் செங்கல் சூளையிலும் வேலை செய்பவர்களுக்கு இன்னொரு ஆபத்து உண்டு. வியர்வை இல்லாவிட்டால் உடல் குளிராது. வெயிலில் மயங்கி விழலாம். ஆகவே என்ன வேலை செய்கிறோம் என்பதை டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

போட்டாக்ஸ் ஊசி சில மாதங்களுக்கு வியர்வையை நிறுத்தும். விலை அதிகம். கூலி வேலை செய்பவருக்குக் கட்டாது.

கடைசியாக ஆபரேஷன். மார்புக்குள் இருக்கும் நரம்பைத் துண்டிப்பார்கள். கை காய்ந்துவிடும். ஆனால் பலருக்கு முதுகிலும் வயிற்றிலும் தொடையிலும் புதிதாக வியர்க்கத் தொடங்கும். சிலருக்கு அது பழைய தொல்லையைவிட மோசமாக இருக்கும். துண்டித்த நரம்பைப் பழையபடி ஆக்குவது மிகக் கடினம். மற்ற எல்லா வழியையும் பார்த்த பிறகுதான் இதை நினைக்க வேண்டும். கடன் வாங்கி அவசரமாகச் செய்துகொள்ளும் ஆபரேஷன் அல்ல இது.

வேறு நோயின் அடையாளமா?

சில வியர்வை வேறு வகை. அதை அலட்சியம் செய்யக் கூடாது.

இரவில் துணி நனையும்படி வியர்க்கிறது. மாலையில் காய்ச்சல். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல். உடல் மெலிகிறது. இது காசநோயாக இருக்கலாம். அரசு ஆஸ்பத்திரியில் சளிப் பரிசோதனை இலவசம். மருந்தும் இலவசம்.

சர்க்கரை நோய்க்கு ஊசியோ மாத்திரையோ எடுப்பவருக்குத் திடீரென்று குளிர்ந்த வியர்வை வரும். கை நடுங்கும். பசிக்கும். ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிட்டது என்று பொருள். உடனே மூன்று கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து கொடுக்க வேண்டும். டீக்கரண்டி அளவு போதும். மயங்கிவிட்டால் வாயில் எதுவும் ஊற்றக் கூடாது. ஆஸ்பத்திரிக்குத் தூக்க வேண்டும்.

நெஞ்சு வலியோடு குளிர்ந்த வியர்வை வந்தால் மாரடைப்பாக இருக்கலாம். வாயு என்று சொல்லி இஞ்சிச் சாறு கொடுத்துக்கொண்டு இருக்கக் கூடாது. 108-க்கு உடனே போன் செய்ய வேண்டும்.

நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம், நன்றாகச் சாப்பிட்டும் மெலிவது, இவற்றோடு வியர்வை என்றால் தைராய்டு பரிசோதனை வேண்டும். மாதவிலக்கு நிற்கும் வயதில் பெண்களுக்குத் திடீரென்று முகம் சூடாகி வியர்க்கும். இது இயல்பு. தூக்கம் கெட்டால் டாக்டரிடம் சொல்லலாம்.

பூச்சி மருந்து அடிப்பவர்கள் கவனிக்க வேண்டியது தனி. மருந்து அடித்தபோதோ அடித்த பிறகோ வியர்த்துக் கொட்டுகிறது. வாயில் எச்சில் ஊறுகிறது. வாந்தி வருகிறது. கண் மங்குகிறது. இது வெயிலால் வந்த வியர்வை அல்ல. நஞ்சு உடலில் ஏறிவிட்டது. 2017-ல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்து அடித்த பலர் இப்படி நஞ்சேறி இறந்தார்கள். வியர்த்த தோல் வழியாக நஞ்சு இன்னும் எளிதாக உள்ளே போகும். நனைந்த துணியைக் கழற்றிவிட்டு, சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். மருந்து டப்பாவையும் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போக வேண்டும். எந்த நஞ்சு என்று அதைப் பார்த்துத்தான் டாக்டர் தெரிந்துகொள்வார்.

டாக்டரிடம் போகும்போது

பெரிய அரசு ஆஸ்பத்திரிகளில் தோல் நோய்ப் பிரிவு உண்டு. அங்கே கூட்டம் அதிகம். டாக்டருக்கு நேரம் குறைவு. போகும் முன்பே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது. எந்த வயதில் தொடங்கியது? எந்த இடத்தில் வியர்க்கிறது? தூக்கத்திலும் வியர்க்கிறதா? வீட்டில் வேறு யாருக்கு உண்டு? இப்போது சாப்பிடும் மாத்திரைகள் என்ன? என்ன வேலை? தாள் நனைந்துவிடும் என்றால், கைக்கு அடியில் ஒரு துணியை மடித்து வைத்துக்கொண்டு எழுதலாம்.