எதிரொலி காட்டும் வழி

பழனி மலைத்தொடரில், கொடைக்கானலை அடுத்துப் பள்ளங்கி என்னும் சிற்றூர் உள்ளது. இத்தகைய மலையூர்ச் சிறுவர்கள் பள்ளத்தாக்கின் ஒரு புறத்தில் நின்று உரக்கக் கூவுவர். எதிர்மலையிற் பட்ட குரல் மீண்டுவந்து அவர்தம் செவியில் விழும். ஒலி காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும். எனவே, குரல் மீள 2 நொடி ஆயின், போக 1 நொடியும் வர 1 நொடியும் ஆயின என்று கொண்டு, எதிர்மலை 340 மீட்டர் தொலைவில் உள்ளதெனக் கணக்கிடலாம். மூடுபனி மலையை மறைத்திருப்பினும் இக்கணக்குப் பிழைபடாது. கண்ணுக்குப் புலப்படாததை எதிரொலியால் அறியலாம் என்னும் இவ்வுண்மை இன்று இதய மருத்துவத்திலும் பயன்படுகின்றது.

உடலெங்கும் குருதியைச் செலுத்தும் இதயத்திற்கும் குருதி வேண்டும். அதனை இதயத்தின்மேற் படர்ந்துள்ள தமனிகள் கொண்டுதருகின்றன. அவற்றின் உட்சுவரில் கொழுப்புப் படிந்து வழி குறுகினால் மார்வலி தோன்றும். வழி முற்றும் அடைபட்டால் உயிருக்கே இடர் நேரும். 1977ஆம் ஆண்டில் சூரிச் நகரில் ஆந்திரியாஸ் குருன்ட்சிக் என்னும் மருத்துவர், நுனியிற் சிறு பலூன் பொருத்திய மெல்லிய குழாயை இதயத் தமனிக்குட் செலுத்தி, பலூனை விரித்து, குறுகிய வழியை அகலமாக்கினார். மார்பைத் திறக்க வேண்டிய தேவை எழவில்லை. அவரிடம் பயின்ற மருத்துவர் மாத்யூ சாமுவேல் களரிக்கல், 1986ஆம் ஆண்டில் சென்னையில் இம்முறையை இந்தியாவில் முதன்முதலாகச் செய்து காட்டினார்.

அக்குழாய் உடலினுட் புக ஒரு வாயில் வேண்டுமன்றோ? இக்காலத்தில் பெரும்பாலும் மணிக்கட்டுத் தமனியே அவ்வாயிலாக அமைகின்றது. ஆனால், சுண்ணம் ஏறி இறுகிய அடைப்பையும், நெடுங்காலம் முற்றும் மூடிக்கிடந்த வழியையும் திறப்பது அரிய செயல். வழக்கமாக 2 மில்லிமீட்டர் பருமனுள்ள குழாய் போதும், இவற்றிற்கோ 2.7 மில்லிமீட்டர் அளவுள்ள குழாயும் வேண்டப்படலாம். அப்போது தொடைத் தமனியை நாடுவர். 1953ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு மருத்துவர் செல்டிங்கர் வெளியிட்ட முறையே இங்குக் கையாளப்படுகின்றது: முதலில் ஊசி, ஊசியின் வழியே மெல்லிய கம்பி, ஊசியை உருவியபின் கம்பியின்மேல் குழாய்.

ஊசி எவ்விடத்திற் குத்தப்பெறல் வேண்டும்? தொடையிடுக்கில், தொடையெலும்பின் உருண்டைத் தலைக்கு நேர்மேலே அமைந்த தமனிப் பகுதியே தக்க இடம். குழாயை எடுத்தபின் தமனியை அவ்வெலும்பின்மேல் வைத்து அழுத்திக் குருதியை நிறுத்தலாம். அதனினும் மேலே குத்தினால் அழுத்துதற்கு எலும்பு இராது. குருதி வயிற்றின் பின்புறத்தில் வெளித்தோன்றாது கசிந்து உயிருக்கு ஊறு செய்யக்கூடும். கீழே குத்தினாலோ, தமனி இரண்டாகக் கிளைத்த பகுதியில் ஊசி பட்டு, வீக்கமும் குருதிக் கட்டும் உண்டாகலாம். கிளைக்கும் இடமோ எல்லார்க்கும் ஒன்றன்று. பருமன் மிக்கவரிடத்து நாடித்துடிப்பு விரலுக்கு எட்டுவதும் அரிது. வாயில் பெரிதாகுந்தோறும் பிழையின் விளைவும் பெரிதாகும்.

இவ்விடத்தேதான் மீயொலி துணைபுரிகின்றது. நொடிக்கு 20,000 அதிர்வுகளுக்கு மேற்பட்ட ஒலி மனிதர் செவிக்குக் கேளாது. மருத்துவர் தோலின்மேல் வைக்கும் சிறு கருவி, நொடிக்குப் பல இலட்சம் முறை அதிரும் ஒலியை உள்ளே அனுப்புகின்றது. அவ்வொலி தசையில் நொடிக்கு ஏறத்தாழ 1,540 மீட்டர் சென்று, ஒவ்வோர் அடுக்கிலும் பட்டு மீள்கின்றது. மீண்ட காலத்தையும் வலிமையையும் கொண்டு கணினி திரையிற் படம் வரைகின்றது. தமனியும் சிரையும் அங்கே கருவட்டங்களாகத் தோன்றும். கருவியை மெல்ல அழுத்தினால் சிரை எளிதில் நசுங்கும். தமனியோ நசுங்காது துடித்துக்கொண்டிருக்கும். கிளைபிரியும் இடமும், சுண்ணம் படிந்த சுவரும், நெருங்கிவரும் ஊசிமுனையும் புலனாகும்.

இதன் பயன் ஆராயப்பட்டுள்ளது. 2010ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு 1,004 பேரை நோக்கியது. முதற்குத்திலேயே தமனியை அடைந்தவை, மீயொலியின்றி நூற்றுக்கு 46, மீயொலியுடன் 83. தமனிக்கு நேர்ந்த கேடு நூற்றுக்கு 3.4 என்பதிலிருந்து 1.4 ஆகக் குறைந்தது. எனினும், சிக்கலான அடைப்புகளுக்குப் பருத்த குழாய் செலுத்தப்பெற்ற 544 பேரிடம் நிகழ்ந்து 2024ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், முதற்குத்திலேயே தமனியை அடைதல் மிகுந்ததேயன்றி, குருதிப்பெருக்குக் குறைந்ததாகத் தெரியவில்லை. கருவி இடத்தைக் காட்டும். ஊசியைச் செலுத்தும் கையின் பயிற்சியும், குழாயை எடுத்தபின் வாயிலை அடைக்கும் கவனமும் மருத்துவருடையவை.

காணாது குத்துவதினும் கண்டு குத்துதல் நன்று என்பதில் ஐயமில்லை. ஆயினும், கண்டதனாலேயே காரியம் முடிந்துவிடாது. அறிவியற் கருவி ஒவ்வொன்றையும் இவ்வாறு அளந்தறிந்து கொள்வதே நோயாளிக்கு நாம் செய்யும் நன்மையாகும்.