டாக்டர் 'ப்ரோன்' என்றால் நோய் வந்துவிட்டதா?

நெடுஞ்சாலையில் 'ஆக்சிடென்ட் ப்ரோன் ஏரியா' போர்டைப் பார்த்திருப்பீர்கள். அங்கே விபத்து நடந்தே தீரும் என்று அர்த்தமில்லை. வாய்ப்பு அதிகம், மெதுவாகப் போங்கள் என்பதுதான் எச்சரிக்கை.

'நீங்க டயாபடீஸுக்கு ப்ரோன்' என்று டாக்டர் சொன்னாலும் அப்படித்தான். சர்க்கரை நோய் வந்துவிட்டதாகப் பதற வேண்டாம். குடும்பத்தில் யாருக்காவது இருப்பது, உடல் எடை போன்ற காரணங்களால் வர வாய்ப்பு அதிகம் என்கிறார். அதற்காக அலட்சியமும் கூடாது. சாப்பாட்டில் கவனம், தினமும் நடை என்று இருந்தால் டைப் 2 சர்க்கரையைப் பலரால் தள்ளிப்போடவோ தவிர்க்கவோ முடியும்.

பெரும்பாலும் கெட்ட விஷயங்களுக்கே வரும் சொல் இது. 'வெற்றிக்கு ப்ரோன்' என்று சொல்வதில்லை. 'முன்பக்கம் சாய்ந்த' என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. சாய்ந்தவர் விழுந்தவர் அல்லவே!