குறைந்த செலவில் இணையம்: கமக்காரருக்கு டொங்கிளின் பயன்

மன்னார் மாவட்டத்தின் மாந்தை மேற்குப் பிரிவிலுள்ள பெரியமடு போன்ற ஊர்களில் நெல்லும் காய்கறியும் பயிரிடுவோர் விதை, பசளை, உழவுகூலி ஆகியவற்றுக்குக் கணக்கு வைப்பர். ஆயின் செய்தி கிட்டாமையால் நேரும் நட்டத்துக்கு எவரும் கணக்கு எழுதுவதில்லை. கத்தரிக்காயைப் பறித்துச் சாக்கிற் கட்டிய பின்னர் விலை கேட்பவர், வியாபாரி சொல்லும் விலையை ஏற்பதன்றி வேறு வழியற்றவராவார். பறித்த காய் காத்திராது.

இந்நட்டம் சிறிதன்று. தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்தை நம்பிய சிறு காய்கறிக் கமக்காரரை லேர்ன் ஏசியா என்னும் ஆய்வு நிறுவனம் ஆராய்ந்து, 2008ஆம் ஆண்டில் முடிபுகளை வெளியிட்டது. கமக்காரரின் மொத்தச் செலவில் ஏறத்தாழ 15 வீதம் கொடுக்கல் வாங்கலுக்கான செலவு எனவும், அதனுள்ளும் ஏறத்தாழ 70 வீதம் செய்தி தேடுவதற்கே சென்றது எனவும் அவ்வாய்வு காட்டிற்று. வட கேரளக் கரையில் கைத்தொலைபேசி பரவியதன் பின்னர், மீனவர் கடலில் இருந்தவாறே விலை கேட்டறிந்து கரைசேரும் துறையைத் தெரிந்துகொண்டனர். அவர்களுடைய இலாபம் ஏறத்தாழ 8 வீதம் உயர்ந்தது. வாங்குவோர் கொடுத்த விலையோ ஏறத்தாழ 4 வீதம் குறைந்தது. இதனை விளக்கும் ஆய்வு 2007இல் வெளிவந்தது.

டொங்கிள் என்பது யாது?

டொங்கிள் என்பது கணினியின் யூ.எஸ்.பி. துளையிற் செருகப்படும் விரலளவான மோடம் ஆகும். அதனுள் ஒரு சிம் அட்டை இடப்படும். அது கைத்தொலைபேசிக் கோபுரத்துடன் வானொலி அலைகளால் தொடர்புகொண்டு, கணினியை இணையத்துடன் சேர்க்கும். தொலைபேசிக் கம்பி தேவையில்லை. இலங்கையில் மூன்றாந் தலைமுறைச் சேவை 2006ஆம் ஆண்டிலும், நான்காந் தலைமுறைக் கையடக்கச் சேவை 2013ஆம் ஆண்டிலும் தொடங்கின. வன்னிப் பெருநிலத்தில் கோபுரங்கள் பரவியது 2009இல் போர் முடிவுற்ற பின்னரே.

நல்ல கைத்தொலைபேசி உடையவர் அதன் ஹொட்ஸ்பொட் வசதியினாலேயே கணினிக்கு இணைப்புக் கொடுக்கலாம். அவர் டொங்கிளுக்குப் பணம் செலவிட வேண்டியதில்லை. கமக்காரர் அமைப்பிலோ வாசிகசாலையிலோ பொதுக் கணினி ஒன்று இருப்பின், அதற்கு டொங்கிள் பெரிதும் பொருந்தும். வைஃபை பரப்பும் வகையை வாங்கின் அயலிலுள்ள சில தொலைபேசிகளும் அதன் பயனைப் பெறும்.

வாங்குமுன் கவனிக்க வேண்டியவை

1. எந்த நிறுவனத்தின் சமிக்ஞை தம் ஊரில் வலுவாக உள்ளதென அயலவரின் தொலைபேசிகளைக் கொண்டு முதலில் சோதித்தறிக. மலிவான சிம் அட்டையும் சமிக்ஞை இல்லாத இடத்திற் பயன்படாது.

2. மூன்றாந் தலைமுறைக்கு மட்டுமே உரிய பழைய டொங்கிளை மலிவென்று வாங்கலாகாது. அத்தலைமுறைச் சேவை பல நாடுகளில் நிறுத்தப்பட்டு வருகின்றது.

3. சில டொங்கிள்கள் ஒரே நிறுவனத்தின் சிம் அட்டையையே ஏற்கும். இதனைக் கடையிலேயே கேட்டறிக.

4. பெட்டியில் அச்சிட்ட வேகத்தைக் கண்டு மயங்கற்க. அது பிற்றுக் கணக்கு. 8 பிற்று சேர்ந்தால் ஒரு பைற்று. 7.2 மெகாபிற்று என்பது செக்கனுக்கு 0.9 மெகாபைற்று மாத்திரமே. அதுவும் உச்ச அளவு. ஒரே கோபுரத்தைப் பலர் பயன்படுத்தும் மாலை வேளையில் வேகம் மேலும் குறையும்.

சமிக்ஞை குறைந்த வீட்டில்

தகரக் கூரை வானொலி அலைகளைத் தடுக்கும். ஆதலின் டொங்கிளை அறையின் நடுவே வையாது, கோபுரம் உள்ள திசையை நோக்கிய யன்னலருகே வைத்தல் வேண்டும். கணினியை நகர்த்த இயலாதாயின், 5 மீற்றருக்கு மேற்படாத யூ.எஸ்.பி. நீட்டிப்புக் கம்பியினால் டொங்கிளை உயரத்திற் தொங்கவிடலாம். மழையும் வெயிலும் அதன்மேற் படலாகாது.

டேட்டாவைக் குளத்து நீர்போல் அளந்து பயன்படுத்துக

குளத்து நீரை முறைவைத்துப் பாய்ச்சும் கமக்காரருக்கு இக்கணக்கு எளிதில் விளங்கும். மாதத்துக்கு வாங்கும் டேட்டா குளத்தில் நிற்கும் நீரை ஒக்கும். துருசைத் திறந்துவிட்டு உறங்கினால் வயல் நிறையுமுன் குளம் வற்றும்.

படத்துடன் கூடிய ஓர் இணையப் பக்கத்துக்கு 2 மெகாபைற்று, ஒரு நிழற்படத்தை அனுப்ப 3 மெகாபைற்று எனக் கொள்க. நாளொன்றுக்கு 20 பக்கமும் 10 படமும் எனின் 70 மெகாபைற்று ஆகும். 30 நாளுக்கு ஏறத்தாழ 2 கிகாபைற்று. ஆயின் நாள்தோறும் ஒரு மணி நேரம் சாதாரணத் தரத்திற் படம் பார்த்தால், மணிக்கு 600 மெகாபைற்று வீதம் மாதத்துக்கு ஏறத்தாழ 18 கிகாபைற்று செலவாகும். செய்திக்குச் செலவு சிறிது. பொழுதுபோக்கிற்கே செலவு பெரிது.

கணினி தானாகவே புதுப்பித்தல்களை இறக்கிக்கொள்வது கசியும் துருசு போன்றது. கணினியில் இவ்விணைப்பை அளவிடப்படும் இணைப்பு எனக் குறித்து வைத்தால் அக்கசிவு பெரிதும் குறையும். இரவுக்கு மட்டும் உரிய டேட்டாவைச் சேர்த்துக் கூறும் பொதிகளும் உண்டு. பகலுக்கு உரியது எவ்வளவு என வினவிய பின்னரே ரீலோட் செய்க. மாதக் கட்டணம் 1,000 ரூபா என வைத்து 10 குடும்பங்கள் பகிர்ந்துகொண்டால், ஒரு குடும்பத்துக்கு 100 ரூபாவே வரும்.

பெறும் பயன்

ஹெக்டர் கொப்பேகடுவ கமநல ஆராய்ச்சி, பயிற்சி நிறுவகத்தின் இணையத்தளத்தில் சந்தை விலைகளும், வளிமண்டலவியல் திணைக்களத்தின் தளத்தில் வானிலை அறிக்கையும் கிடைக்கும். பறிக்கும் நாளுக்கு முன்தினமே விலையையும், மருந்து தெளிக்குமுன் மழைக்குறிப்பையும் பார்த்தல் நன்று. நோயுற்ற இலையின் இருபுறத்தையும், பயிர் முழுவதையும் படம் பிடித்து விவசாயப் போதனாசிரியருக்கு அனுப்பினால், அவர் வயலுக்கு வருமுன்னரே ஆலோசனை கூற வழியுண்டு. 2018ஆம் ஆண்டின் இறுதியிற் சோளச் செய்கையைத் தாக்கிய சேனாப் படைப்புழுவைப் போன்ற புதிய பீடைகள் வரும்போது, ஒரு நாள் முந்துவதும் பெரும் உதவியாகும்.

சந்தை விலையை அப்படியே வயல் விலையாகக் கொள்ளலாகாது. எடுத்துக்காட்டாக, தம்புள்ளையில் ஒரு கிலோ கத்தரி 120 ரூபா எனவும், வண்டிக்கூலி, சாக்கு, தரகு, கழிவு யாவும் 35 ரூபா எனவும் வைத்துக்கொள்வோம். எஞ்சுவது 85 ரூபா. ஊருக்கு வரும் வியாபாரி 70 ரூபா தருவதாகக் கூறின், 300 கிலோவுக்கு வேறுபாடு 4,500 ரூபா. இக்கணக்கைக் கையில் வைத்திருப்பவர் அமைதியாகப் பேரம் பேசலாம். வியாபாரி 85 ரூபாவே தருவாராயின், வண்டி தேடி அலையாது வீட்டு வாசலில் விற்பதே நன்று என்பதும் அதே கணக்கினாற் புலப்படும்.

எச்சரிக்கை

பரிசு விழுந்ததென்றும் மானியம் வந்ததென்றும் கூறி, வங்கிக் கணக்கின் இரகசிய எண்ணையோ, தொலைபேசிக்கு வரும் ஒருமுறைக் கடவு எண்ணையோ கேட்பவர் எவராயினும் அவருக்குக் கொடுத்தலாகாது. மருந்து பற்றி இணையத்திற் கண்ட அறிவுரையைப் போதனாசிரியரிடம் உறுதிப்படுத்திய பின்னரே பின்பற்றுக. இணைப்பு அறுந்த நாளிலும் 1920 என்னும் தொலைபேசி இலக்கத்தில் விவசாயத் திணைக்களத்தின் ஆலோசனைச் சேவையை அழைக்கலாம்.

டொங்கிள் விளைச்சலைப் பெருக்கும் கருவியன்று. விளைந்ததன் பெறுமதியைக் காக்க உதவும் கருவி. அளந்து செலவிட்டு, அயலவருடன் பகிர்ந்து, பறிப்பதற்கு முன்தினம் விலை பார்க்கும் வழக்கத்தை மேற்கொள்வோருக்கே அது மலிவானதாகும்.