வலிக்கும் முன்பே ஈறு சொல்லும் சேதி

அனந்தபுரமோ செஞ்சியோ, நம் வீடுகளில் பல் டாக்டரிடம் போவது எப்போது? இரவில் தூங்க முடியாமல் வலித்த பிறகுதான். அதற்குள் சொத்தை உள்ளே நரம்பு வரை போயிருக்கும். வேர் சிகிச்சை செய்ய வேண்டும், இல்லையென்றால் பல்லைப் பிடுங்க வேண்டும்.

ஆனால் பல மாதங்களுக்கு முன்பே வாய் நமக்கு அறிவித்துவிடுகிறது. ஈறு ஓரத்தில் நகத்தால் சுரண்டினால் வெள்ளையாக, பிசுபிசுப்பாக ஒன்று வரும். அது வெறும் உணவுத் துணுக்கு அல்ல. கிருமிகள் கூடி வாழும் படலம். நாம் சாப்பிடும் இனிப்பை அமிலமாக்கிப் பல்லை அரிப்பதும் அதுதான், ஈறை வீங்க வைத்து இரத்தம் கசிய வைப்பதும் அதுதான். ஃபின்லாந்தில் 1994 இல் வெளியான ஓர் ஆய்வில், 19 மாதக் குழந்தைகளின் மேல் முன்பற்களில் இந்தப் படலம் இருக்கிறதா என்று பார்த்தே, 3 வயதுக்குள் யாருக்குச் சொத்தை வரும் என்பதைப் பெருமளவு சரியாகக் கணித்தார்கள். டார்ச் லைட் இருந்தால் எந்தத் தாயும் வீட்டிலேயே பார்த்துவிடலாம்.

ஐவேளை உளூவில் வாய் கொப்பளிக்கிறோமே, போதாதா என்று சிலர் கேட்கிறார்கள். கொப்பளித்தால் உணவுத் துணுக்குகள் போகும். ஒட்டிய படலம் போகாது, தேய்த்தால்தான் போகும். நபி (ஸல்) அவர்கள் கொப்பளிப்பதோடு நிறுத்தாமல் மிஸ்வாக்கையும் அவ்வளவு வலியுறுத்தியதை இங்கே நினைத்துப் பார்க்கலாம். மிஸ்வாக் செய்பவர்களும் இரவில் ஃபுளோரைடு பேஸ்ட்டால் ஒருமுறை துலக்குவது நல்லது. ரமளானில் ஸஹர் சாப்பிட்டதும் பஜ்ருக்கு முன் துலக்கிவிட வேண்டும். பேரீச்சம்பழம் பல்லிடுக்கில் ஒட்டிக்கொள்ளும்.

இரத்தம் வருகிறதே என்று அந்த இடத்தைத் தொடாமல் விடுவதுதான் நாம் அதிகம் செய்யும் தவறு. அங்கேதான் மென்மையான பிரஷ்ஷால் கவனமாகத் துலக்க வேண்டும். இரண்டு வாரத்தில் நிற்காவிட்டால் டாக்டரிடம் காட்டுங்கள். சர்க்கரை நோய் உள்ள பெரியவர்கள் அதுவரைகூடக் காத்திருக்க வேண்டாம். பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கு ஈறு கெட்டிருந்தாலும் இரத்தம் அவ்வளவாக வராது. அதை நம்பி இருந்துவிடக் கூடாது. ஈறு கீழிறங்கினால் பல்லின் வேர் வெளியே தெரியும். வேருக்கு எனாமல் இல்லாததால் அங்கே சொத்தை சீக்கிரம் பிடிக்கும்.

கிளீனிங் செய்தால் பல் ஆடிவிடும் என்ற பயம் நம் பெண்களிடம் நிறைய இருக்கிறது. கெட்டியான காரை போனதும் அது அடைத்திருந்த இடைவெளி தெரிகிறது, அவ்வளவுதான். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வேறு காரியமாகப் போகிறவர்கள், அப்படியே பல் பிரிவிலும் ஒருமுறை வாயைக் காட்டிவிட்டு வரலாம்.