கட்டுவது இங்கே, ஓடுவது அங்கே
இயந்திரத்துக்குள் இயந்திரம் – 12

ஆத்தூர், தலைவாசல், பெத்தநாயக்கன்பாளையம் பக்கம் மரவள்ளி போட்டவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் சற்று நேரத்தில் ‘பாயிண்ட்’ என்ற சொல் வந்துவிடும். கிழங்கில் மாவுச்சத்து எவ்வளவு இருக்கிறது என்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். சேகோ ஆலை தரும் விலை கிழங்கின் எடையோடு நிற்பதில்லை, பாயிண்டையும் பொறுத்தது. அளக்கும் முறை எளிமையானது. குறிப்பிட்ட எடைக் கிழங்கை முதலில் காற்றில் நிறுக்க வேண்டும். பிறகு அதையே தண்ணீரில் அமிழ்த்தி நிறுக்க வேண்டும். மாவுச்சத்து தண்ணீரைவிட அடர்த்தியானது என்பதால், மாவு பிடித்த கிழங்கு தண்ணீருக்குள்ளும் கூடுதல் எடை காட்டும். இரண்டு எடையையும் அட்டவணையில் பார்த்தால் பாயிண்ட் தெரிந்துவிடும். இந்த அளவு ஆலையிலேயே எடுக்கப்படுவதால், “நம்ம கிழங்குக்கு பாயிண்ட் குறைச்சுப் போட்டுட்டாங்க” என்ற மனக்குறை விவசாயிகளிடம் நெடுநாளாக உண்டு.

வண்டி ஏற்றுவதற்கு முன்பு தோட்டத்திலேயே பாயிண்ட் பார்க்க ஒரு சிறு கருவி இருந்தால்? இங்கே கணினி அறிவியல் படிக்கும் மாணவி ஒருவர் அதைச் செய்ய முனைகிறார் என்று வைத்துக்கொள்வோம். எடையை உணர ஒரு லோடு செல், அதன் மெல்லிய மின் சைகையை எண்ணாக மாற்ற எச்எக்ஸ் 711 என்ற சிப், கணக்குப் போட ராஸ்பெரி பை பிகோ 2 என்ற பலகை. பிகோ 2-இல் நினைவகம் 520 கிலோபைட், சேமிப்பு 4 மெகாபைட். அவ்வளவு சிறிய இடத்திலும் பைத்தான் மொழியை ஓட்டக்கூடியது மைக்ரோபைத்தான். பைத்தான் நிரலை பைட்கோடாக மாற்றி, அந்த பைட்கோடை ஒவ்வொன்றாகப் படித்து இயக்கும் மெய்நிகர் இயந்திரம் அது என்று முந்தைய பகுதிகளில் பார்த்தோம்.

ஆயத்தமாகக் கிடைக்கும் மைக்ரோபைத்தானை இறக்கிப் பலகையில் போட்டாலே வேலை தொடங்கிவிடும். அதை நாமே எதற்காகக் கட்ட வேண்டும்?

காரணம் எச்எக்ஸ் 711-க்குள் இருக்கிறது. அந்தச் சிப்பிடமிருந்து 24 பிட் எண்ணை ஒவ்வொரு பிட்டாக வாங்க வேண்டும். ஒவ்வொரு பிட்டுக்கும் ஒரு கம்பியை மேலே தூக்கிக் கீழே இறக்க வேண்டும். அந்தக் கம்பி 60 மைக்ரோ நொடிக்கு மேல் தூக்கிய நிலையிலேயே நின்றுவிட்டால், சிப் தன்னை அணைத்துக்கொண்டு தூங்கப் போய்விடும். பைத்தானில் எழுதிய நிரல் கம்பியைத் தூக்கிய அந்தக் கணத்தில் வேறொரு குறுக்கீடு வந்தால் 60 மைக்ரோ நொடி கண்மூடித் திறப்பதற்குள் கடந்துவிடும். எடை தப்பாக வரும். அதுவும் எப்போதாவது ஒருமுறைதான் வரும், ஆகவே கண்டுபிடிப்பதும் கடினம். விவசாயியின் காசு சம்பந்தப்பட்ட கருவி எப்போதாவது ஒருமுறைகூடப் பொய் சொல்லக் கூடாது. (பிகோவில் பிஐஓ என்ற தனி வசதியைக் கொண்டும் இதைத் தீர்க்கலாம் என்று விவரம் அறிந்தவர்கள் சொல்வார்கள். சரிதான். ஆனால் மற்ற பலகைகளுக்கும் பொருந்தும் வழி வேறு.)

எடை வாங்கும் அந்த ஒரு துண்டை மட்டும் சி மொழியில் எழுதி, மெய்நிகர் இயந்திரத்தின் உள்ளேயே சேர்த்துவிடுவதுதான் அந்த வழி. அப்படியே பாயிண்ட் அட்டவணையையும் ‘ஃப்ரோசன் மாட்யூல்’ ஆக உள்ளே பதித்துவிடலாம். பதித்துவிட்டால் நினைவகம் மிச்சமாகும். கோப்பு தவறிப்போய் அழிவதற்கும் வழியில்லை.

இனி, கட்டும் வேலை. பிகோ 2-இல் உட்கார்ந்து கம்பைலர் ஓட்ட முடியாது. மடிக்கணினியில் கட்ட வேண்டும், பலகையில் ஓட வேண்டும். மடிக்கணினியின் செயலி பேசும் மொழி ஒன்று, பலகையின் செயலி பேசும் மொழி வேறு. ஒரு வகைச் செயலியில் ஓடிக்கொண்டே வேறொரு வகைச் செயலிக்கான குறியீட்டை எழுதித் தரும் கம்பைலர்தான் கிராஸ் கம்பைலர். பிகோவின் ஆர்ம் செயலிக்கு ‘ஆர்ம்-நன்-ஈஏபிஐ-ஜிசிசி’ என்று ஒன்று இருக்கிறது. பெயரிலேயே விலாசம் இருப்பதைக் கவனியுங்கள். ‘ஆர்ம்’ என்பது செயலியின் குடும்பம். ‘நன்’ என்றால் இயங்குதளம் ஏதும் இல்லை. ‘ஈஏபிஐ’ என்பது ஒரு செயற்கூறு மற்றொன்றிடம் எண்களை எப்படிக் கைமாற்ற வேண்டும் என்ற ஒப்பந்தம்.

பலர் நினைப்பது, இந்த கிராஸ் கம்பைலரைப் போட்டுவிட்டால் கதை முடிந்தது என்று. சாதாரண நிரலுக்கு முடிந்துவிடும். மெய்நிகர் இயந்திரத்துக்கு முடியாது. ஏனென்றால் அதைக் கட்டும்போதே, அதன் சில பாகங்கள் இங்கே ஓடியாக வேண்டும்.

மைக்ரோபைத்தானையே எடுத்துக்கொள்வோம். முதலில் ‘எம்பிஒய்-கிராஸ்’ என்ற சிறு நிரல் கட்டப்படுகிறது. நம் பாயிண்ட் அட்டவணை இருக்கும் பைத்தான் கோப்பை பைட்கோடாக மாற்றித் தருவது இதன் வேலை. அந்த வேலை மடிக்கணினியில் நடக்கிறது. ஆகவே எம்பிஒய்-கிராஸை மடிக்கணினிக்கான உள்ளூர் கம்பைலரால்தான் கட்ட வேண்டும். ஓடுவது 64 பிட் கணினியில் என்றாலும், அது 32 பிட் பலகையை மனத்தில் வைத்தே எண்களைக் கையாள வேண்டும். அடுத்து, பிகோவின் கட்டுமானத் தொகுப்பு பிஐஓவுக்கான குறியீட்டைத் தயாரிக்கும் ‘பிஐஓஆஸம்’ என்ற வேறொரு சிறு நிரலை, அதையும் உள்ளூர் கம்பைலரால், கட்டிக்கொள்கிறது. பிறகு மெய்நிகர் இயந்திரத்தின் சி கோப்புகளைப் புரட்டி, அவற்றில் வரும் எல்லாப் பெயர்களையும் திரட்டி ஒரே பட்டியலாக்கும் வேலை. இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. எந்தெந்த வசதிகள் உள்ளே இருக்கும் என்பது பலகையைப் பொறுத்தது. அதனால் கோப்புகளை முதலில் விரித்துத் தருவது பலகைக்கான கம்பைலர், விரித்ததிலிருந்து பெயர்களைப் பொறுக்குவது மடிக்கணினியில் ஓடும் பைத்தான். இவ்வளவும் முடிந்த பிறகுதான் நாம் எழுதிய எடைத் துண்டு உட்பட அத்தனை சி கோப்புகளும் கிராஸ் கம்பைலருக்குப் போய், பலகையில் இறக்கும் கோப்பு கிடைக்கிறது.

ஒரே கட்டளையின் அடியில் இரண்டு கம்பைலர்கள் மாறி மாறி வேலை பார்க்கின்றன. எது யாருக்கு என்று குழம்பினால் பிழைச் செய்திகள் வரிசைகட்டி வரும்.

நடப்பதிலேயே சாதாரணமான குழப்பம் இது. எங்கேயோ படித்துவிட்டு, ‘சிசி’, ‘சிஎக்ஸ்எக்ஸ்’ என்ற சூழல் மாறிகளில் கிராஸ் கம்பைலரின் பெயரை எழுதி, டெர்மினல் முழுவதற்கும் ஏற்றிவிடுவார்கள். பிஐஓஆஸம் கட்டப்படும் நேரம் வரும்போது கட்டுமானத்தை நடத்தும் சிமேக் என்ற கருவி அந்த மாறியைப் பார்க்கும், அதையே உள்ளூர் கம்பைலர் என்று நம்பும். முதல் வேலையாக ஒரு குட்டி நிரலைக் கட்டிப் பார்க்கும். இயங்குதளமே இல்லாத பலகைக்கான கம்பைலர் அல்லவா, நிரல் முடிந்ததும் யாரிடம் திரும்பிப் போவது என்று அதற்குத் தெரியாது. கட்டமைப்பு அங்கேயே நின்றுவிடும். இந்த கம்பைலரால் எளிய சோதனை நிரலைக்கூடக் கட்ட முடியவில்லை என்று திரையில் வரும். கம்பைலர் கெட்டுவிட்டது என்று நினைத்து அதை அழித்து மறுபடி நிறுவுவார்கள். கம்பைலர் மேல் குற்றமில்லை. தவறான வேலைக்கு அதை அழைத்திருக்கிறோம்.

மைக்ரோபைத்தானை எழுதியவர்களுக்கு இந்த ஆபத்து நன்றாகத் தெரியும். எம்பிஒய்-கிராஸின் கட்டுமானக் குறிப்பான மேக்ஃபைலைத் திறந்து பாருங்கள். தொடக்கத்திலேயே, மேலேயிருந்து வந்த கிராஸ் கம்பைல் அமைப்பு எதுவானாலும் மறந்துவிடு என்று ஒவ்வொரு மாறியாகச் சொல்லும் சில வரிகள் இருக்கும். தாய்க் கட்டுமானத்தின் அமைப்பு குழந்தைக் கட்டுமானத்துக்குள் கசிந்துவிடக் கூடாது என்பதற்காகவே எழுதப்பட்டவை. அந்தச் சில வரிகளைப் புரிந்துகொண்டவருக்கு இந்த வாரப் பாடத்தில் பாதி வந்துவிட்டது.

மற்றொரு பிழையும் சொல்லிவிடுகிறேன். எம்பிஒய்-கிராஸை ஒரு பதிப்பிலிருந்து கட்டி, பலகையில் பைட்கோடின் அமைப்பு மாறிய வேறு பதிப்பு இருந்தால், தனியாக மாற்றி அனுப்பிய கோப்பைப் பலகை ஏற்காது, ‘இன்கம்பாட்டிபிள்’ என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிடும். பைட்கோடின் அமைப்புக்கும் பதிப்பு எண் உண்டு. எம்பிஒய்-கிராஸையும் பலகையில் இறக்கும் கோப்பையும் ஒரே மூலத்திலிருந்து கட்டுவதே நல்ல பழக்கம்.

இதே ஏற்பாட்டைப் பெரிய மெய்நிகர் இயந்திரங்களிலும் காணலாம். ஜாவாவின் ஓபன்ஜேடிகேயில் ‘ஏடிஎல்சி’ என்றொரு நிரல் இருக்கிறது. செயலியின் கட்டளைகளை விவரிக்கும் கோப்பைப் படித்து, சி++ நிரல் எழுதித் தரும். ஏடிஎல்சியை உள்ளூர் கம்பைலர் கட்டுகிறது, அது எழுதித் தந்ததை கிராஸ் கம்பைலர் கட்டுகிறது. போதாததற்கு, ஜாவாவைக் கட்ட முந்தைய பதிப்பு ஜாவா ஒன்று மடிக்கணினியில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்க வேண்டும். பைத்தானும் 3.11 முதல், கிராஸ் கம்பைல் செய்ய உள்ளூரில் ஓடும் பைத்தானைக் கட்டாயம் கேட்கிறது. அளவுதான் மாறுகிறது, கேள்வி மாறுவதில்லை: இந்தப் பாகம் ஓடப்போவது எங்கே?

பிகோ 2-ஐ நான் வேண்டுமென்றேதான் தேர்ந்தெடுத்தேன். 2024 ஆகஸ்டில் வந்த இந்தப் பலகையின் சிப்பில் இரண்டு ஆர்ம் செயலிகளோடு, ஹஸார்டு 3 என்ற இரண்டு ரிஸ்க்-ஃபைவ் செயலிகளும் இருக்கின்றன. எதை எழுப்புவது என்பது நம் விருப்பம். அதே ஆண்டு அக்டோபரில் வந்த மைக்ரோபைத்தான் 1.24 இரண்டையும் ஆதரிக்கிறது. நம் மாணவி ஆர்ம் பக்கத்துக்குக் கட்டி முடித்த பிறகு, ரிஸ்க்-ஃபைவ் பக்கத்துக்கும் கட்டிப் பார்க்க வேண்டும். பலகைக்கான கம்பைலர் மாறும். எம்பிஒய்-கிராஸ் மாறாது, அது மடிக்கணினியின் சொத்து. அட்டவணையின் பைட்கோடும் மாறாது. அவர் எழுதிய சி துண்டில் ஓரெழுத்தும் மாறாது. தசம எண் கணக்குக்கான தனிப்பகுதி ஆர்ம் பக்கத்தில் உண்டு, ஹஸார்டு 3-இல் இல்லை. அங்கே அந்தக் கணக்கை மென்பொருளே செய்ய வேண்டும். எச்எக்ஸ் 711 தருவதோ நொடிக்கு 10 அல்லது 80 அளவுகள்தான். ஆகவே நம் கருவிக்கு அந்த வேறுபாடு பொருட்டில்லை.

ரிஸ்க்-ஃபைவ் பக்கத்தை ஏன் வற்புறுத்துகிறேன் என்றால், நம் ஊர்ச் செயலியின் மொழியும் அதுதான். சென்னை ஐஐடியில் பேராசிரியர் காமகோடியின் குழு 2014-இல் தொடங்கிய சக்தி செயலித் திட்டம், 2010-இல் பெர்க்லியில் பிறந்த ரிஸ்க்-ஃபைவ் கட்டளைத் தொகுப்பின் மேல் எழுந்தது. 2018-இல் சக்தியின் ரைஸ்கிரீக் சிப் லினக்ஸை இயக்கிக் காட்டியது. 2025 பிப்ரவரியில், இஸ்ரோவுடன் சேர்ந்து விண்வெளிப் பயன்பாட்டுக்கு உருவாக்கிய ஐரிஸ் சிப்பை அறிவித்தார்கள். அது வார்க்கப்பட்டது சண்டிகரை அடுத்த மொஹாலியின் செமிகண்டக்டர் ஆய்வகத்தில். திருவனந்தபுரம் சி-டாக்கின் வேகா செயலிகளும் ரிஸ்க்-ஃபைவ்தான்.

செயலி செய்தாயிற்று. அதன் மேல் மொழிகள் ஓட வேண்டாமா? லினக்ஸில் ஓடும் ரிஸ்க்-ஃபைவ் கணினிகளுக்கான ஜாவா, 2022 செப்டம்பரில் ஜேடிகே 19-இல் சேர்ந்தது. அதை முன்னின்று செய்தவர்கள் சீனாவின் ஹுவாவே பொறியாளர்கள். அவர்களைப் பாராட்ட வேண்டும். அதே நேரத்தில், இப்படிப்பட்ட வேலைக்குச் சிப் ஆலை வேண்டியதில்லை, கோடிக்கணக்கில் முதலீடு வேண்டியதில்லை என்பதையும் பார்க்க வேண்டும். ஒரு மடிக்கணினி, இரண்டு கம்பைலர், பொறுமை. சிப் வடிவமைப்பில் நம்மவர்கள் காட்டும் அக்கறையில் ஒரு பங்கு இந்தப் பக்கம் திரும்பவில்லை என்பது என் வருத்தம்.

சேலம், நாமக்கல் மாவட்டக் கல்லூரிகளில் கணினி அறிவியல் நடத்தும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆய்வக நோட்டில் சி நிரலை உள்ளூர் கம்பைலரில் ஓட்டிக் கையெழுத்து வாங்கும் பயிற்சிகளுக்கு நடுவே, கிராஸ் கம்பைல் செய்யும் பயிற்சி ஒன்றையும் சேருங்கள். பலகை வாங்கப் பணம் இல்லையென்றாலும் கியூஎம்யூ என்ற மென்பொருளில் ரிஸ்க்-ஃபைவ் கணினி ஒன்றைப் பாவனையாக ஓட்டி, மைக்ரோபைத்தானை அதற்குக் கட்டிப் பார்க்கலாம்.

மாணவர்களுக்கு: ஓபன்ஜேடிகேயை இப்போது தொடாதீர்கள். அதற்குக் குறைந்தது 6 ஜிகாபைட் வட்டு இடம் வேண்டும், பழைய மடிக்கணினியில் நேரமும் விழுங்கும். ரிஸ்க்-ஃபைவ் கம்பைலரை மூலத்திலிருந்து கட்டவும் வேண்டாம். இறக்கவே ஏறக்குறைய 6.5 ஜிகாபைட் ஆகும், கைபேசி டேட்டா தாங்காது. உபுண்டுவில் ஆர்ம் கம்பைலர் ஆயத்தத் தொகுப்பாகவே கிடைக்கிறது. ரிஸ்க்-ஃபைவுக்கும் ஆயத்தமாகக் கட்டி வைத்ததையே வாங்குங்கள், ஆனால் புதிய பதிப்பாகப் பாருங்கள். பழைய ஜிசிசி கம்பைலருக்கு ஹஸார்டு 3-இன் சில கட்டளைகள் தெரியாது. அடுத்த வாரம் எச்எக்ஸ் 711-க்கான சி துண்டை வரி வரியாக எழுதப்போகிறோம். அதற்குள் எம்பிஒய்-கிராஸை மட்டும் உங்கள் கணினியில் கட்டி வைத்துக்கொள்ளுங்கள்.